அப்பாவின் சி.டி. படத்தில் நுரையீரல் தமனி பெருத்திருக்கிறது: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். விட்டு ஐந்து வருடம் ஆகிறது. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு இரண்டு இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறார். ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டில் 62 சதவீதம் வந்தது, போன வருடமும் ஏறக்குறைய இதேதான். ஆனால் மூச்சுவாங்கல் மட்டும் இந்த ஒரு வருடத்தில் ரொம்பக் கூடிவிட்டது. ஒரு மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். சும்மா இருக்கும்போது விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 93, மாடி ஏறியதும் 85. டாக்டர் சொல்லி, கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் நெஞ்சு சி.டி. எடுத்தோம். “இரு நுரையீரல்களின் மேல்பகுதியிலும் மிதமான எம்ஃபிசிமா. பிரதான நுரையீரல் தமனி 34 மி.மீ., ஏறுபெருந்தமனி 31 மி.மீ. நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம், எக்கோவுடன் சேர்த்துப் பார்க்கவும்” என்று ரிப்போர்ட் வந்தது. எக்கோவிலோ “படம் தெளிவாகக் கிடைக்கவில்லை, அழுத்தத்தைக் கணிக்க முடியவில்லை” என்று எழுதிவிட்டார்கள். அப்பாவுக்கு பி.பி. நார்மல். அப்படியிருக்க நுரையீரலில் மட்டும் எப்படி அழுத்தம் கூடும்? கான்ட்ராஸ்ட் போட்டு இன்னொரு சி.டி. எடுக்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். கதிர்வீச்சும் கிட்னியும் பயமாக இருக்கிறது. நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை இருக்கிறது என்று படித்தேன், டாக்டர் ஏன் அதைத் தரவில்லை? அவர் தினமும் நடக்கலாமா, கூடாதா?

பதில்: எண்களையெல்லாம் ஒழுங்காகக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாகப் பதில் சொல்ல முடிகிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 34 என்ற எண் அல்ல. ஊதும் டெஸ்ட் ஒரு வருடமாக நகராமல் அதே இடத்தில் நிற்க, மூச்சுவாங்கல் மட்டும் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதுதான். ஊதும் டெஸ்ட் காற்றுக் குழாய்களின் கதையைச் சொல்கிறது. நுரையீரலின் ரத்தக் குழாய்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உங்கள் அப்பாவின் மூச்சுவாங்கலுக்கு இன்ஹேலர் எட்டாத ஒரு காரணம் இருக்கலாம் என்ற சந்தேகத்தை அந்த சி.டி. எழுப்பியிருக்கிறது. அதை நோயென்று முடிவு கட்டிவிடவும் கூடாது, எக்கோ தெளிவாக இல்லை என்று அப்படியே விட்டுவிடவும் கூடாது.

முதலில் பி.பி. விஷயம். கையில் பட்டை கட்டி அளப்பது இதயத்தின் இடப்பக்கம் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம். வலப்பக்கம் நுரையீரலுக்குத் தள்ளுவது வேறொரு சுற்று. இரண்டிலும் ஓடுவது ஒரே அளவு ரத்தம்தான், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். ஆனால் உடம்புச் சுற்றின் சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும்போது, நுரையீரல் சுற்றில் அது சுமார் 14 தான். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அவ்வளவு ரத்தமும் போய்வர முடிவதற்குக் காரணம், நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப்பைகளைச் சுற்றிப் பின்னியிருக்கும் நுண்குழாய் வலை. இந்த அழுத்தம் கையில் கட்டும் பட்டைக்குத் தெரியாது. அதனால் பி.பி. நார்மலாக இருப்பதும் நுரையீரல் அழுத்தம் கூடியிருப்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

சி.ஓ.பி.டி.யில் இந்த வலை இரண்டு வழிகளில் கெடுகிறது. எம்ஃபிசிமாவில் காற்றுப்பைச் சுவர்கள் அழியும்போது அவற்றில் ஓடிய நுண்குழாய்களும் கூடவே அழிகின்றன. மிச்சமிருக்கும் குழாய்கள் வழியாகவே அதே 5 லிட்டரும் போயாக வேண்டும். இன்னொன்று, ஆக்சிஜன் குறைந்த பகுதிக்குப் போகும் சிறு தமனிகள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும். இது நுரையீரலின் இயல்பான தற்காப்பு. காற்று வராத இடத்துக்கு ரத்தம் போய் வீணாகாமல், காற்று வரும் இடத்துக்குத் திருப்பி விடுகிறது. 1946 முதலே தெரிந்த விஷயம் இது. ஒரு மூலையில் நடந்தால் நல்லது. நுரையீரல் முழுக்க வருடக்கணக்கில் நடந்தால் தமனிச் சுவர் தடித்து, சுருக்கம் நிரந்தரமாகிவிடும். புகையும் இந்தக் குழாய்களின் உட்சுவரை நேரடியாகவே கெடுக்கிறது. ஊதும் டெஸ்ட் நார்மலாக இருக்கும் புகைப்பவர்களிடம்கூட இந்த மாற்றத்தைத் திசு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சி.ஓ.பி.டி.யை மூச்சுக் குழாய் நோய் என்று மட்டும் நினைப்பது பாதிப் பார்வை என்பது என் கருத்து.

இனி உங்கள் கையிலிருக்கும் சி.டி.க்கு வருவோம். அந்த 34 எப்படி வந்தது என்று தெரிந்தால், அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். சி.டி. நெஞ்சை மேலிருந்து கீழாக நூற்றுக்கணக்கான மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களாகத் தருகிறது. ரேடியாலஜிஸ்ட் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிக்கொண்டே வந்து, பிரதான நுரையீரல் தமனி இடம் வலமாகக் கிளை பிரியும் மட்டத்தில் நிறுத்துவார். நுரையீரலைப் பார்க்கும் வெளிச்ச அமைப்பிலிருந்து இதயமும் பெருங்குழாய்களும் தெரியும் அமைப்புக்குத் திரையை மாற்றுவார். தமனி போகும் திசைக்குச் செங்குத்தாக, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை கோடு இழுப்பார். அதே படத்தில் பக்கத்திலேயே வட்டமாகத் தெரியும் ஏறுபெருந்தமனிக்கும், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய்க்கும், ஒரு கோடு. அந்த இரண்டு கோடுகளின் நீளம்தான் உங்கள் 34-ம் 31-ம். கோடு கொஞ்சம் சாய்ந்தாலே ஒன்றிரண்டு மி.மீ. மாறிவிடும். எவ்வளவு ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார், இதயத் துடிப்பின் எந்தக் கணத்தில் படம் பதிந்தது என்பதும் அளவைக் கொஞ்சம் அசைக்கும்.

இந்த மட்டத்தில் ஆண்களுக்கு 29 மி.மீ., பெண்களுக்கு 27 மி.மீ. வரை இயல்பு என்று, நோயில்லாத பெருந்திரளான மக்களை அளந்து கண்ட கணக்கு இருக்கிறது. அந்த எல்லையை 34 நன்றாகவே தாண்டுகிறது. நுரையீரல் தமனியின் அகலத்தைப் பெருந்தமனியின் அகலத்தால் வகுத்தால் 1.1 வருகிறது. இது 1-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 2012-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகளின் படங்களை இப்படி அளந்தார்கள். விகிதம் 1-க்கு மேல் இருந்தவர்களுக்கு, மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் திடீரென முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இதற்குத் தனியாக ஊசியோ இன்னொரு ஸ்கேனோ தேவைப்படவில்லை. ஏற்கெனவே எடுத்த படத்தில் இரண்டு கோடுகள் போட்டதில் கிடைத்த தகவல் இது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். வயதாக ஆக, ரத்தக் கொதிப்பு இருந்தால் இன்னும் சீக்கிரமாக, பெருந்தமனி தானே விரிந்துகொண்டு போகும். அப்போது நுரையீரல் தமனி பெருத்திருந்தாலும் விகிதம் 1-க்குக் கீழே நின்று, ஒன்றுமில்லை என்பதுபோல் காட்டும். உங்கள் அப்பாவின் பெருந்தமனி 31 மி.மீ. தான், அவர் வயதுக்கு விரிவு ஏதும் இல்லை. அதனால் அவருடைய 1.1-ஐ நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நுரையீரலில் தழும்பு விழும் நோய்களில் சுற்றியுள்ள திசு இழுப்பதாலேயே, அழுத்தம் கூடாமலும், தமனி விரிவதுண்டு. அகலம் என்பது அழுத்தம் அல்ல. மில்லிமீட்டரை வைத்து மி.மீ. பாதரசத்தைக் கண்டுபிடிக்க சூத்திரம் எதுவும் இல்லை.

சி.டி.க்கு இன்னொரு எல்லையும் உண்டு. நோய் உண்மையில் குடிகொள்ளும் தமனிகள் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியவை. வழக்கமான சி.டி.யின் கூர்மை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. நுனியில் நடப்பது படத்தில் விழாது, அதன் விளைவு மேலே விட்டுச்செல்லும் தடயங்களைத்தான் நாங்கள் படிக்கிறோம். நல்ல நுரையீரலின் படத்தில் ரத்தக் குழாய்கள் கிளைத்துக் கிளைத்து, வெளி விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் வரும்வரை கண்ணுக்குத் தெரியும். எம்ஃபிசிமாவும் குழாய் நோயும் சேர்ந்த நுரையீரலில் நடுவே அடிமரம் பருத்து நிற்க, ஓரத்துக் கிளைகளைக் கழித்துவிட்ட மரம்போல் இருக்கும். இதை எண்ணாக மாற்றும் மென்பொருள்களும் வந்துவிட்டன. குறுக்குவெட்டுப் பரப்பு 5 சதுர மி.மீ.க்குக் குறைவான குழாய்கள், அதாவது சுமார் இரண்டரை மி.மீ.க்கும் மெல்லியவை, நுரையீரலில் எத்தனை பங்கு இருக்கின்றன என்று அவை கணக்கிடுகின்றன. கடுமையான எம்ஃபிசிமா உள்ளவர்களில் இந்தப் பங்கு குறையக் குறைய நுரையீரல் அழுத்தம் கூடியிருந்ததை 2010-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. தமனியையும் சிரையையும் தனித்தனியே பிரித்து அளக்கும் முறைகளும் வளர்ந்துவருகின்றன. ஆனால் இவை பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருக்கின்றன. எல்லாரும் ஒப்புக்கொண்ட இயல்பு எல்லை இன்னும் வகுக்கப்படவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ஆகவே இன்னொரு ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன்பு, எடுத்த ஸ்கேனையே ரத்தக் குழாய்களை மனதில் வைத்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் தாள் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ இணைய இணைப்பையோ கொண்டுபோங்கள். முதல் முறை ஸ்கேன் கேட்கும்போது சீட்டில் “சி.ஓ.பி.டி.” என்று மட்டும் எழுதியிருந்தால், ரேடியாலஜிஸ்ட் எம்ஃபிசிமாவையும் கட்டிகளையும் தேடியிருப்பார். நியாயமானதுதான். “ஊதும் டெஸ்ட் மாறவில்லை, மூச்சுவாங்கல் கூடுகிறது, ஏறினால் ஆக்சிஜன் 85-க்கு இறங்குகிறது” என்று எழுதிக் கொடுத்தால் அவர் தேடுவதே வேறாகிவிடும்.

என்ன பார்க்கச் சொல்வது? ஒவ்வொரு மூச்சுக் குழாய்க்கும் பக்கத்திலேயே அதன் தமனி ஓடும், இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். பல பகுதிகளில் தமனி தன் ஜோடியைவிடப் பருத்திருந்தால், மைய அளவு சொன்ன சந்தேகம் வலுக்கிறது. இதயத்தின் வலது கீழறை பெருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி இல்லாத படத்தில் அறையின் உட்பக்கம் பிரிந்து தெரியாது, ஆனால் மொத்த வடிவம் ஒரு யோசனை தரும். நுரையீரலில் வெளிறிய திட்டுகளும் அடர்ந்த திட்டுகளும் மாறிமாறி வந்து, வெளிறிய இடத்தில் குழாய்களும் மெலிந்திருந்தால், பழைய ரத்தக்கட்டி தங்கியிருக்கலாம் என்ற குறிப்பு அது. மூச்சுக் குழாய் அடைப்பும் இப்படித் திட்டுகளை உண்டாக்கும் என்பதால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது.

இவற்றைவிட நான் அழுத்திக் கேட்பது நுரையீரலின் அடிப்பகுதியைப் பற்றி. மேலே எம்ஃபிசிமா, கீழே தழும்பு என்று இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுண்டு. புகைத்த ஆண்களிடம் அதிகம் பார்க்கிறோம். எம்ஃபிசிமா நுரையீரலைத் தளர்த்தி ஊத வைக்கும், தழும்பு அதை இறுக்கிச் சுருக்கும். ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் ஊதும் டெஸ்ட் ஓரளவு நன்றாகவே வரும், ஆளோ பத்து படி ஏற முடியாமல் தவிப்பார். நுரையீரல் அழுத்தம் கூடுவதும் இந்தக் கூட்டில் மிக அதிகம். ரிப்போர்ட் மேல்பகுதியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கீழே சுத்தமாக இருந்ததால் எழுதவில்லையா, லேசான தழும்பு கவனத்தில் படவில்லையா என்று நேரடியாகக் கேளுங்கள். தமனி 34 ஆனதற்கு நான் மேலே சொன்ன திசு இழுப்பும் ஒரு பங்கா என்பது இதே கேள்வியில் தெரிந்துவிடும்.

கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுப்பது பற்றி உங்கள் உறவினர் சொன்னது தவறில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை என்று தெரிந்து செய்ய வேண்டும். தமனியின் வெளி அகலத்தை அளக்க ஊசி தேவையில்லை. உள்ளே ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான் தேவை, ஏனென்றால் ஊசி இல்லாத படத்தில் ரத்தமும் கட்டியும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குக் கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மூச்சுவாங்கல் திடீரெனக் கூடி மருத்துவமனையில் சேர்ந்த 740 சி.ஓ.பி.டி. நோயாளிகளை பிரான்ஸில் வரிசையாகப் பரிசோதித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 5.9 சதவீதம் பேருக்கு நுரையீரல் தமனியில் கட்டி இருந்தது. கண்டுபிடித்தால் சிகிச்சையின் திசையே மாறிவிடும் காரணம் இது. பழைய கட்டி வடுவாகித் தங்கி அழுத்தத்தைக் கூட்டியிருந்தால், அறுவைச் சிகிச்சையாலோ பலூன் கொண்டு விரிப்பதாலோ பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. நுரையீரல் அழுத்த நோய்களில் இப்படி வேரோடு சரிசெய்யக்கூடியவை மிகக் குறைவு. அதனால்தான் எம்ஃபிசிமா இருக்கிறதே, காரணம் கிடைத்துவிட்டதே என்று அதோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

பழைய கட்டியைத் தேட, காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேன் ஒன்றும் உண்டு. சாதாரண நுரையீரலில் அதுவே முதல் தேர்வு. எம்ஃபிசிமா உள்ளவர்களிடம் காற்றும் ரத்தமும் சேர்ந்தே பல இடங்களில் குறைந்திருப்பதால் அதைப் படிப்பது கடினம். இரட்டை ஆற்றலில் எடுக்கும் சி.டி. ஊசி மருந்தில் உள்ள அயோடினைத் தனியே பிரித்து, எந்தப் பகுதிக்கு ரத்தம் போகிறது என்று வண்ண வரைபடமாகவே தரும். அந்த வசதி உள்ள இடத்தில், கட்டி, ரத்த ஓட்டம், இதய அறைகள், நுரையீரல் திசு எல்லாமே ஒரே ஊசியில், சில நொடி மூச்சுப் பிடிப்பில் தெரிந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு எது என்பதை அவருடைய மருத்துவரும் ரேடியாலஜிஸ்ட்டும் பேசி முடிவு செய்யட்டும். இரண்டில் ஒன்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பயங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான நெஞ்சு சி.டி.யின் கதிர்வீச்சு 5 முதல் 7 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் எல்லோரும் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4. அதாவது இரண்டு மூன்று வருட இயற்கை அளவு. 63 வயதில், காரணம் தெரியாத மூச்சுவாங்கலுக்கு விடை தேடும் ஒரு ஸ்கேனுக்கு இந்த விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சும்மா எடுத்துப் பார்ப்பதைத்தான் நான் தடுப்பேன். கிட்னிக்கு, ஊசிக்கு முன்பு கிரியாட்டினின் பார்த்து, அதிலிருந்து கிட்னியின் வடிகட்டும் திறனைக் கணக்கிடுவார்கள். அது 30-க்குக் கீழே இருந்தால்தான் உண்மையில் தயங்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தாலோ, முன்பு இந்த ஊசிக்கு அலர்ஜி வந்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து உள்ளே போகும்போது தொண்டையில் சூடு பரவும், அப்படியே இறங்கி அடிவயிற்றில் சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்பே சொல்லிவைத்தால் அப்பா பதறாமல் மூச்சைப் பிடிப்பார், படமும் தெளிவாக விழும்.

எக்கோ தெளிவாக வராததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சி.ஓ.பி.டி.யில் நுரையீரல் காற்றால் உப்பி இதயத்தின் முன்னால் வந்து நிற்கும். ஒலியலை காற்றைத் தாண்டிப் போகாது. அனுபவமுள்ள இன்னொருவர், வயிற்றுக்கு மேலிருந்து கருவியை வைத்து முயன்றால் வலது கீழறையின் அளவும் அது சுருங்கும் விதமுமாவது கிடைக்கும். கூடவே, இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் என்.டி.-ப்ரோ.பி.என்.பி. என்ற பரிசோதனை, ரத்தம் காற்றிலிருந்து வாயுவை எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ., ஆறு நிமிட நடைப் பரிசோதனை இவை மூன்றும் வேண்டும். டி.எல்.சி.ஓ. செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு முதலில் வேண்டியது அதுதான். ஊதும் டெஸ்ட் 62-ல் நிற்க டி.எல்.சி.ஓ. மிகவும் தாழ்ந்திருந்தால், கோளாறு ரத்தக் குழாயிலா நுரையீரல் திசுவிலா என்ற தேடலுக்குத் திசை கிடைத்துவிடும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று எழுகிறாரா என்பதையும் வீட்டில் கவனியுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயும், இதயத்தின் இடப்பக்கக் கோளாறும்கூட நுரையீரல் அழுத்தத்தைக் கூட்டும்.

அழுத்தத்தை உறுதியாகச் சொல்ல ஒரே வழி, கழுத்திலோ தொடையிலோ உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கம் அனுப்பி நேரடியாக அளப்பது. சராசரி 20-ஐத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். முன்பு 25 என்று வைத்திருந்தார்கள், 2022-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டலும் 20 என்றே வைக்கிறது. சி.ஓ.பி.டி. உள்ள எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை. பெரும்பாலோரிடம் அழுத்தம் கொஞ்சமே கூடியிருக்கும், அளந்தாலும் சிகிச்சை மாறாது. நுரையீரல் பாதிப்பு மிதமாக இருந்து அழுத்தம் மட்டும் கடுமையாகக் கூடிய ஒரு சிறு கூட்டம் உண்டு. உங்கள் அப்பா அதில் ஒருவரா என்று மேற்சொன்ன பரிசோதனைகள் சந்தேகம் எழுப்பினால், நுரையீரல் அழுத்த நோய்க்கென்றே இயங்கும் பிரிவில் இதைச் செய்துகொள்வது அவசியம்.

மாத்திரையை உங்கள் மருத்துவர் தராதது சரி. நீங்கள் படித்த மருந்துகள், நுரையீரல் தமனிகளே முதலில் நோயுறும் வேறு வகை நோய்க்கானவை. மேலே சொன்ன தற்காப்புச் சுருக்கத்தை நினைத்துப் பாருங்கள். காற்று வராத இடத்தில் சுருங்கியிருக்கும் தமனியையும் சேர்த்து இந்த மருந்து விரித்துவிட்டால், ரத்தம் அங்கே போய் ஆக்சிஜன் வாங்காமலே திரும்பும். அளவு 93-லிருந்து இன்னும் இறங்கலாம். சி.ஓ.பி.டி.யால் வந்த நுரையீரல் அழுத்தத்துக்கு, உறிஞ்சும் ட்ரெப்ரோஸ்டினில் மருந்தைச் சோதித்த ஆய்வைப் பாதுகாப்புக் காரணத்துக்காகப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதே மருந்துக்கு, தழும்பு நோயால் வந்த அழுத்தத்துக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரே மருந்து ஒரு நுரையீரலுக்கு உதவி இன்னொன்றுக்குத் தீங்கு செய்கிறது. அடிப்பகுதியில் தழும்பு இருக்கிறதா என்று நான் ஏன் அவ்வளவு வற்புறுத்திக் கேட்கச் சொன்னேன் என்பது இப்போது புரியும். கடைக்காரரிடம் கேட்டோ பிறர் சொல்லியோ சில்டனாஃபில் போன்றவற்றைத் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

ஆக்சிஜன் விஷயத்தில், சும்மா இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே நிலையாக இருப்பவர்களுக்கு, நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுத்தால் ஆயுள் நீளுகிறது என்று 1980, 81-ல் வந்த இரண்டு ஆய்வுகள் நிறுவின. உங்கள் அப்பா 93-ல் இருக்கிறார், அந்த நிலையில் இல்லை. நடக்கும்போது மட்டும் இறங்குபவர்களுக்கும், ஓய்வில் லேசாகக் குறைந்திருப்பவர்களுக்கும் நீண்டநாள் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்த 2016-ம் ஆண்டு ஆய்வில் ஆயுளோ மருத்துவமனைச் சேர்க்கையோ மாறவில்லை. ஆனால் அந்த முடிவைத் தமனி பெருத்த ஒருவருக்கு அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. அவருக்கு இரவு முழுக்கவும், ஆறு நிமிடம் நடக்கும்போதும் ஆக்சிஜனை அளந்துவிட்டு முடிவு செய்வதே முறை.

நடக்கலாமா என்று கேட்டீர்கள். நடக்கட்டும். நிறுத்தினால் கால் தசை கரைந்து, அதே படி இன்னும் உயரமாகிவிடும். ஆனால் பரிசோதனைகள் முடியும்வரை ஏற்றமும் படியும் வேண்டாம், சமதளம் போதும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போகட்டும், விரலில் கருவி மாட்டியபடியே. விரல் குளிர்ந்திருந்தால் கருவி பொய் சொல்லும், தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். 88-க்குக் கீழே போனால் நின்று, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி, 90-ஐத் தாண்டியபின் தொடரட்டும். மருத்துவர் கண்பார்வையில் பயிற்சி தரும் நுரையீரல் மறுவாழ்வுத் திட்டம் எங்காவது கிடைத்தால், இன்ஹேலருக்கு அடுத்து அவருக்கு மிக உதவக்கூடியது அதுதான். நடக்கும்போது கண் இருட்டினாலோ, மயங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, அடுத்த சந்திப்பு வரைக்கும் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கையில் அந்த சி.டி. படங்களும் இருக்கட்டும்.